கார் போர்ச்சில் ஒரு 14 அடிப் படகு: பின்பலகையை மாற்றிய அனுபவம்

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் 14 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்று, லாரி கிரேன் உதவியுடன், சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள என் மச்சானின் தரைவீட்டுக் கார் போர்ச்சில் இறக்கப்பட்டது. நான் குடியிருப்பது ஈசூனில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். அங்கே ஒரு சைக்கிளை நிறுத்துவதற்கே தாழ்வாரத்தில் இடம் தேட வேண்டியிருப்பதால், போர்ச்சை நான்கு மாதங்களுக்கு மட்டும் தரும்படி மச்சானிடம் கேட்டிருந்தேன். நான்கு மாதம் ஏழு மாதமாயிற்று. அதுவரை அவருடைய கார் தெருவோரத்தில் நின்று வெயிலிலும் மழையிலும் காய்ந்து நனைந்ததை அவர் ஒருமுறைகூடக் குறையாகச் சொல்லவில்லை. என் மாமியார்தான், தீபாவளிக்கு வருகிறவர்கள் வாசலில் கோலத்தைப் பார்ப்பார்களா, படகைப் பார்ப்பார்களா என்று கேட்டார்.

படகை 600 வெள்ளிக்குக் கொடுத்தவர், பின்பக்கத்தில் பலகை கொஞ்சம் போயிருக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் படகு ஆறு ஆண்டுகள் கடலையே பார்க்காமல், தார்ப்பாயின் கீழ், அடியில் உள்ள வடிகால் துளையில் அடைப்பான் செருகியபடியே கிடந்திருக்கிறது. தார்ப்பாய் கிழிந்த நாளிலிருந்து பெய்த மழையெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. படகைக் கெடுப்பது கடல்நீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரும்பைப் பொறுத்தவரை அது சரி. மரத்தைப் பொறுத்தவரை கதை வேறு. உப்புநீர் மரத்தை ஊறுகாய்போல் ஓரளவு காப்பாற்றி வைக்கும். மழைநீர்தான் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்குப் பிடித்தமானது. நான் செய்த வேலையில் முக்கால் பங்கு, அந்த மழைநீர் எதுவரை போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதை வெளியேற்றுவதும், மீண்டும் உள்ளே போகாமல் தடுப்பதுமாகவே இருந்தது.

எதுவரை போயிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் அப்பா. 1968-ல் தொடங்கப்பட்ட செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்தவர் அவர். இரும்புத் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்பதைச் சுத்தியல் சத்தத்தை வைத்தே சொல்லிப் பழகியவர். தேக்கா சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, ஓர் 20 காசு நாணயத்தை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, படகின் பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாக வந்த ஓசை, நடுப்பகுதிக்கு வந்ததும் ஈரத் துணியைத் தட்டியதுபோல் மொத்தென்று மாறியது. ஓசை மாறிய இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தார். குறித்து முடித்தபோது, இயந்திரம் மாட்டும் இடத்திலிருந்து கீழே வடிகால் துளைவரை ஒரு பெரிய முக்கோணம் உருவாகியிருந்தது. பிறகு நான் ஈரமானியை இரவல் வாங்கி அளந்தேன். கருவி காட்டிய எல்லைக்கும் சாக்பீஸ் கோட்டுக்கும் எங்கும் ஓர் அங்குலத்திற்குமேல் வித்தியாசம் இல்லை.

டிரான்சம் எனப்படும் இந்தப் பின்பலகை வெறும் அடைப்புச் சுவர் அன்று. வெளிப்பக்க இயந்திரம் கொண்ட படகில் முழு இயந்திரமும் அதில்தான் தொங்குகிறது. படகைத் தள்ளும் விசையும் அதன் வழியாகத்தான் உடலுக்குப் போய்ச் சேர்கிறது. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் ஒட்டுப்பலகை என்று ஒரு சாண்ட்விச் போல அதைக் கட்டியிருப்பார்கள். நடுவில் உள்ள மரம் உளுத்துவிட்டால் இரண்டு தோல்களும் தனித்தனியாக வளையத் தொடங்கிவிடும். வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்தேன். பின்பலகையில் ஒரு மீட்டர் நீளமுள்ள கட்டையைப் பின்னோக்கி நீட்டியபடி கிளாம்ப் போட்டு, அதன் நுனியில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டபோது, நுனி 31 மில்லிமீட்டர் இறங்கியது. அந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

வெட்டுவதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவசரப்படுகிறவர்கள் தவறவிடுவதும் அதைத்தான். பின்பலகையைப் பிரித்ததும் படகின் உடல் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும் வலுவை இழந்துவிடும். அந்த நிலையில் புதுப் பலகையை ஒட்டினால், கோணலும் சேர்ந்தே நிரந்தரமாகிவிடும். ஆகவே படகை டிரெய்லரிலிருந்து இறக்கி, ஐந்து இடங்களில் கட்டை கொடுத்து, முன்முனையிலிருந்து பின்மூலைகள் இரண்டிற்கும் நூல் பிடித்து, இரு நீளங்களும் சமமாக வரும்வரை ஆப்புகளைத் தட்டினேன். வெளித்தோல் வளையாதபடி இரண்டு அலுமினியக் கோணச் சட்டங்களை வெளிப்பக்கத்தில் வைத்துக் கட்டினேன். பின்பலகை செங்குத்தாக நிற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: வெளிப்பக்க இயந்திரங்கள் பொதுவாக 12 முதல் 14 பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்த பலகைக்காக வடிவமைக்கப்பட்டவை. என் படகில் சாய்வு 13 பாகை. உயரம் 20 அங்குலம், அதாவது நீளத் தண்டு இயந்திரத்துக்கு உரியது.

வெளிப்பக்கத்து ஜெல்கோட் என்ற மினுக்கப் பூச்சைக் கெடுக்க வேண்டாம் என்பதற்காக உள்தோலைத்தான் வெட்டினேன். ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டுவிட்டு, கிரைண்டரின் தகடு நான்கு மில்லிமீட்டருக்குமேல் இறங்காதவாறு ஒரு தடுப்புக் கட்டையை வைத்து அறுத்து, தோலை நெம்பியதும், புளித்த வாடை ஒன்று போர்ச் முழுவதும் பரவியது. உள்ளே பலகை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக மேற்பகுதியில் மட்டும் கெட்டியான மரம் இருந்தது; கீழே, தேநீரில் ஊறிய ரஸ்க்கைப் போன்ற கருப்புக் கூழ். உளிகூடத் தேவைப்படவில்லை, கரண்டியால் அள்ளினேன். நீர் நுழைந்த வழியும் அப்போது தெளிவாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் பிற்காலத்தில் ஒரு கருவியைப் பொருத்துவதற்காக நான்கு திருகாணிகளை எந்தப் பூச்சும் இல்லாமல் நேரே மரத்திற்குள் முடுக்கியிருக்கிறார். அவை துருவேறியதும், புட்டியை அப்பி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார். கருப்புக் கூழ் அந்த நான்கு துளைகளைச் சுற்றித்தான் மிக ஆழமாக இருந்தது.

தரைக்குக் கீழே, மிதப்புக்காக ஊற்றியிருந்த நுரையும் ஈரமாகத்தான் இருந்தது. அது தண்ணீரை உறிஞ்சாது என்று சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அதுவும் உறிஞ்சும். ஒரு லிட்டர் அளவுக்குச் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, தங்கச்சியின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த நுரை என்றால் முப்பது, முப்பத்தைந்து கிராம் இருக்க வேண்டும். தராசு 640 கிராம் காட்டியது. அதைப் பார்த்த மச்சான், "இது படகு இல்ல மச்சான், மெத்தை" என்றார். நுரையைக் கைவாளால் அறுத்து அறுத்து எடுத்ததில் பன்னிரண்டு குப்பைப் பைகள் நிறைந்தன.

காய வைப்பது இந்த ஊரில் எளிதன்று. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். நவம்பரில் மின்விசிறியை வைத்துக் காய வைத்து, டிசம்பரில் ஒட்டிவிடலாம் என்று நான் போட்ட திட்டம் அறியாமை என்றுதான் சொல்ல வேண்டும். ஈரமான காற்றை ஈரமான பொருளின் மேல் எவ்வளவு நேரம் வீசினாலும் என்ன காயும்? கடைசியில் படகின் பின்பாதியைப் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம்போல் மூடி, அதற்குள் ஓர் ஈரநீக்கியை ஓடவிட்டேன். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்ந்தது; பொங்கல் நெருங்கும் வேளையில் அரை டம்ளராகக் குறைந்தது. போதுமா என்று அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தெளிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்றின் நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் வியர்க்காமல் இருந்தது.

இதனிடையே வேறொரு கவலையும் இருந்தது. மூடிய தார்ப்பாயின் மடிப்பில் ஒரு கைப்பிடி மழைநீர் தேங்கினாலும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு முதலில் கண்ணில் படப்போவது போர்ச்சில் நிற்கும் படகுதான். எனவே தார்ப்பாயை நடுவில் கழியால் உயர்த்திக் கூரைபோல் சரிவாக்கினேன். வேலை முடிந்து வரும் வழியில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது பருவமழை முழுவதும் என் வழக்கமாகிவிட்டது.

ஒட்டவும் பூசவும் எந்த ரெசின் (இறுகும் பிசின்) என்பதை நான் தேர்ந்தெடுத்தேன் என்பதைவிடப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தேர்ந்தெடுத்தார் என்பதே பொருந்தும். படகு முதலில் பாலியெஸ்டர் ரெசினால் செய்யப்பட்டது, விலையும் குறைவு. ஆனால் அதில் உள்ள ஸ்டைரீனின் வாடை வேலியைத் தாண்டிப் போகும். சிறிதளவு கலந்து பார்த்த முதல் நாளே, மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த துணிகளை அவர் முகம் சுளித்தபடி உள்ளே எடுத்துச் சென்றதைப் பார்த்தேன். அத்துடன் அது நின்றது. எப்பாக்சி என்ற வேறு வகை ரெசினுக்கு மாறியதற்கு வேறு வலுவான காரணமும் உண்டு: பழைய, முழுதும் இறுகிவிட்ட ஃபைபரின் மேலும் மரத்தின் மேலும் எப்பாக்சி பிடிக்கும் பிடி பாலியெஸ்டருக்கு இல்லை. இரண்டிற்கும் இடையே உள்ள மிக முக்கியமான வேறுபாடு கலவையில் இருக்கிறது. பாலியெஸ்டரில் ஊக்கியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ இறுகும் வேகத்தை மாற்றலாம். எப்பாக்சியில் அந்த விளையாட்டு செல்லாது. அதை இறுகச் செய்யும் ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் பொருள் சரியாக இறுகாது. வெப்பத்துக்கு ஏற்றவாறு மெதுவான ஹார்டனரை வாங்க வேண்டுமே தவிர, அளவில் கை வைக்கக் கூடாது. கண்ணாடியிழையிலும் கவனம் தேவை. வெட்டிய இழைகளை ஒட்டிச் செய்யும் சாதாரண 'மேட்' விரிப்பின் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் அது சரியாக நனையாமல் விறைத்து நிற்கும். ஆகவே 45 பாகையில் இரு திசையிலும் ஓடும் தைத்த துணியை வாங்கினேன்.

பலகைக்காக சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைக்குப் போய், பி.எஸ். 1088 என்ற கடல்சார் ஒட்டுப்பலகைத் தரமுள்ள 18 மில்லிமீட்டர் மெரந்தி ஒட்டுப்பலகை வாங்கினேன். இரண்டு அடுக்கு சேர்ந்தால் 36 மில்லிமீட்டர். பழைய கனமும் அதுவே. அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி எடுத்து, அதைப் பலகையில் வரைந்து அறுத்தேன்.

பூசுவதற்கு எந்த வேளை ஏற்றது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. காலையில் வெறும் மரத்தில் ரெசினைப் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து, பூச்சின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும்; இறுகிய பிறகு பார்த்தால் பூச்சு முழுவதும் ஊசித் துளைகள். வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரப்பதமும் பிற்பகலில்தான் குறைவு. ஆகவே பிப்ரவரியில், பருவக்காற்றின் வறண்ட கட்டம் வந்த பிறகு, நான்கு சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கினேன். பலகையின் வெட்டு விளிம்புகள் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தன. மூன்று முறை பூசிய பிறகே அவற்றின் தாகம் அடங்கியது.

ஒட்டும் நாளில் ஒரு தவறு செய்தேன். 700 கிராம் ரெசினை ஒரே தடவையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்து வைத்துவிட்டு, தொலைபேசி அழைப்பு வந்ததால் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது டப்பாவின் அடி குழைந்து, உள்ளிருந்து மஞ்சள் புகை சுருள் சுருளாக எழுந்துகொண்டிருந்தது. எப்பாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். குறுகிய பாத்திரத்தில் மொத்தமாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தன்னையே மேலும் வேகப்படுத்திக்கொள்ளும். இடுக்கியால் தூக்கித் தோட்டத்து மண்ணில் வைத்தேன். அதன்பிறகு 200 கிராமுக்குமேல் கலக்கவில்லை. கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவேன்.

ஒட்டும் முறை இதுதான். முதலில் இரு பரப்பிலும் வெறும் ரெசினைப் பூச வேண்டும். பிறகு ரெசினில் சிலிக்காத் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளற, அது முதலில் தோசை மாவுப் பதத்துக்கும், பிறகு வடை மாவுப் பதத்துக்கும் வரும். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம்தான் சரி. பல் வைத்த தகட்டால் அதைப் பரப்பி, பலகையைப் பொருத்தி, ஓரங்களில் எல்லாப் பக்கமும் கலவை சிறிது பிதுங்கும்வரை மட்டும் கிளாம்ப்பை முடுக்கினேன். தச்சுப் பசைக்குப் பழகிய கை இன்னும் முடுக்கச் சொல்லும்; முடுக்கினால் பசையெல்லாம் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். மூலைகளை அதே கலவையால் கரண்டியின் பின்புறத்தைக் கொண்டு வளைவாக வழித்து, அதன்மேல் துணியை 2, 4, 6 அங்குல அகலங்களில் ஒன்றைவிட ஒன்று நீண்டிருக்குமாறு ஒட்டினேன். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் பிற்காலத்தில் விரிசல் தொடங்கும்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் பரப்பில் மெழுகு போன்ற வழவழப்பு இருந்தது. ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியில் இது வரும், தண்ணீரில் கரையும். முதலில் தண்ணீராலும் தேய்ப்புப் பட்டையாலும் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாளை எடுத்தால் அந்த மெழுகைத் தேய்த்துத் தேய்த்து உள்ளேயே ஏற்றிவிடுவோம். தேய்ப்பு வேலை இரண்டு வாரம் ஓடியது. அரைமுகக் கவசம், முழுக்கைச் சட்டை, கிரைண்டருடன் தூசுறிஞ்சியின் குழாய் எல்லாம் இருந்தும், கண்ணாடித்தூள் மணிக்கட்டிலும் கழுத்திலும் ஏறி அரித்தது. வெந்நீரில் குளித்தால் அரிப்பு அதிகமாகும் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். சீனப் புத்தாண்டு வாரத்தில் கிரைண்டரைத் தொடவில்லை. ஆன்ட்டி ஒரு டப்பா அன்னாசிப் பழத் தார்ட் கொடுத்தனுப்பினார்.

இயந்திரத்துக்கான நான்கு துளைகள்தான் எதிர்காலத்தில் மழைநீர் நுழையக்கூடிய வாசல்கள் என்பதால் அவற்றுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கினேன். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 மில்லிமீட்டரில் துளையிட்டு, பின்புறத்தை டேப்பால் அடைத்து, கெட்டியாக்கிய எப்பாக்சியால் முழுவதும் நிரப்பினேன். இறுகிய பிறகு அதன் நடுவில் 12 மில்லிமீட்டர் துளையிட்டேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் என்றாவது தவறினாலும் நீர் சந்திப்பது எப்பாக்சிக் குழாயை மட்டும்தான். சிலிக்கோனை எங்கும் பயன்படுத்தவில்லை. அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்டின் மினுக்கம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதைத் தெளிப்பது மூச்சுக்கு மிகவும் கேடு. குடியிருப்பில் அதைத் தெளிப்பதற்கு நான் துணியவில்லை. எதையும் கலக்காமல் அடிக்கும் ஒற்றைப் பகுதிப் பெயின்ட்டை உருளையால் உருட்டி, தூரிகையால் நீவிவிட்டேன். மரத்தைப் பூசுவதற்கு நேர்மாறாக, இதைக் காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். இரவில் பனி ஈரம் இறங்குவதற்குள் காயாவிட்டால் மினுக்கம் மங்கிவிடும்.

ஏப்ரல் இறுதியில் அதே கட்டை, அதே 20 லிட்டர் கேன். நுனி 6 மில்லிமீட்டர் இறங்கியது. அதிலும் பெரும்பங்கு கட்டையின் வளைவே. அந்த எண்ணையும் சுவரில் 31-க்குக் கீழே எழுதினேன். பிறகு அடைப்பானைச் செருகி, பின்பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அடியில் தமிழ் முரசுத் தாள்களை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வடிகால் துளைக்கு நேர்கீழே ஒரு காசளவு ஈரம். புதுப் பலகை கசியவில்லை. நான் தொடாமல் விட்ட பழைய பித்தளைக் குழாயின் விளிம்புதான் கசிந்திருந்தது. அதையும் கழற்றி, துளையை எப்பாக்சியால் பூசி, புதுக் குழாயைப் பொருத்தி, மறுபடியும் ஓர் இரவு. இந்த முறை தாள் காய்ந்தே இருந்தது.

இயந்திரம் இன்னும் பொருத்தவில்லை. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் படகு உரிமமும், விசைப்படகு ஓட்டுவதற்கான என் தேர்வும் மிச்சமிருக்கின்றன. அதுவரை படகு முன்பக்கம் ஓர் அடி உயர்த்தி, பின்புறம் தாழ்ந்த நிலையில் நிற்கும். அடைப்பானைக் கழற்றி, மச்சான் வீட்டுக் கதவோரத்தில் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.